நிலையான பயனர்

30 ஜூலை 2025, புதன்

மருமகள் சோபனா கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்ததிலிருந்து எனக்குப் பொழுது போவதே தெரியவில்லை. எந்த மூலையில் என்ன எழுதியிருந்தாலும் படித்துவிடுகிறேன். ஐந்தாவதுதான். ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள். "ஆயா செட்டிங்ஸையே கதை புக்கு மாதிரி படிக்குதும்மா" என்று பேத்தி கெசியா சொல்கிறாள். சொல்லட்டும்.

மருமகளுக்கு நல்ல காலம் வருகிறது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வீட்டிலிருந்தே பேட்டர்ன் வரைய ஆள் கேட்கிறது. அவள் வரைகிற ப்ரோக்ராமோடு அவர்கள் அனுப்பும் ப்ரோக்ராமையும் சேர்த்து ஏற்றி, ஆறாம் தேதிக்குள் ஒரு லேடீஸ் ஷூ வரைந்து அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் இங்கேயே வேலை. இல்லாவிட்டால் சென்னைக் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறாள், கெசியாவையும் கூட்டிக்கொண்டு. மகன் டேனியல் எத்தியோப்பியாவில், தோல் பதனிடும் ஷாப்பில். இவர்களும் போனால் வீட்டில் நானும் ஃபேனும்.

மத்தியானம் அவள் கடைக்குப் போனபோது 'கணக்குகள்' என்று ஒரு பக்கம் திறந்தது. டேனியல், நிர்வாகி. சோபனா, நிர்வாகி. கீழே 'கணக்கு வகையை மாற்று'. அழுத்தினேன். இரண்டு வகை காட்டியது: நிர்வாகி, நிலையான பயனர்.

நிர்வாகிகளை நான் பார்த்திருக்கிறேன். ஷூ கம்பெனியில் என் இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பது மேனேஜர். காலையில் காரில் வருவான், சாயங்காலம் ஆள் இருக்கமாட்டான். பெர்மனென்ட் ஆனவளை மட்டும் யாராலும் அசைக்க முடியாது. நான் கடைசிவரை டெம்பரரி. அதனால் சோபனா பேருக்கு 'நிலையான' என்பதைக் கொடுத்தேன். இவள் இந்த வீட்டில் நிலையாக இருக்கட்டும் ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டேதான் அழுத்தினேன்.

அவளிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

31 ஜூலை, வியாழன்

கம்பெனி ப்ரோக்ராம் ஏறவில்லை. டேனியல் பேரைக் காட்டி, நிர்வாகியின் கடவுச்சொல் கொடு என்கிறது. அவன் நாலு வருஷத்துக்கு முன்னால் வைத்தது. போனில் கேட்டால் "மறந்தே போச்சு சோபி" என்கிறான். அவன் யோசித்துச் சொன்ன ஆறேழையும் போட்டுப் பார்த்தாள். எல்லாம் தப்பு.

"நேத்து வரைக்கும் நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சு அத்தை. இன்னிக்கு என் வீட்டுலயே நீ யாருன்னு கேக்குது."

வெயிலுக்கு அதற்கும் கோளாறு வரும் போல.

1 ஆகஸ்ட், வெள்ளி

பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தபரேஸ் பாய் வந்தார். எங்கெங்கோ போய்ப் பார்த்தார். "எல்லாம் தமிழ்ல இருக்கு, எனக்கே தலை சுத்துது. அம்மா, நீங்க நல்லா படிப்பீங்களே, இது இன்னா போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

பெருமையாகப் போய் நின்றேன். "சோபனா, நிலையான பயனர்" என்று படித்தேன்.

"ஓ. ஸ்டாண்டர்டா. அப்போ சிஸ்டர், நீங்க இதுல சாதா ஆளு. பாக்கலாம், எதையும் மாத்த முடியாது."

நிலையான என்றால் சாதா ஆளாம். எந்த ஊர்த் தமிழ் இது? அப்போ நான் அழுத்தினதுதான் இதெல்லாம்.

தானாக இப்படி மாறாது, வைரஸ்தான் மாற்றியிருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றார். சோபனா முகம் செத்துப்போனது. அவள் வரைகிற ப்ரோக்ராமும் அதில்தான் இருக்கிறது. பயிற்சி கொடுத்த இடத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த இடத்தையே மூடிவிட்டார்கள், திரும்பக் கிடைக்காது. அது இல்லாமல் ஆறாம் தேதிக்கு எதில் வரைவாள்?

"வீட்ல வேற யாராச்சும் கை வெச்சாங்களா?" என்று கேட்டார்.

"யாரு பாய் இருக்காங்க. குழந்தையும் அத்தையும்தான்."

அத்தையும்தான். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வந்து அழிக்கிறாராம்.

2 ஆகஸ்ட், சனி

சோபனா கெசியாவைத் திட்டினாள், கேம் எதையாவது ஏத்தினியா என்று. குழந்தை இல்லை இல்லை என்று அழுதது. நான் துணி மடித்துக்கொண்டு நின்றேன்.

நான் இன்னா மனுஷி.

சொல்லணும். ஆனா படிச்சவ படிச்சவன்னு பீத்திக்கிட்டவ எப்படிச் சொல்லுவேன் — படிச்சதுதான் தப்பாப் போச்சுன்னு?

3 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். மனசில் இதை வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்கக் கூடாதென்று நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். "முட்டி வலியா அத்தை?" என்றாள் சோபனா. தலையை ஆட்டினேன். அதுவும் பொய்.

திரும்பி வரும்போது ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சொன்னால் பாதி காதில் விழாது என்று ஆரம்பித்தேன். வண்டி சீக்கிரம் போய்விட்டது.

"நான்தான் மாத்தினேன். நிலையானன்னு போட்டிருந்துச்சு. பெர்மனென்ட்டுன்னு நெனச்சிட்டேன். நீ எங்கயும் போகக் கூடாதுன்னு."

கேட் தூக்கினார்கள், ஆட்டோ கிளம்பியது. புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு.

"இன்னா அத்தை நீங்க. வீட்டுக்கு பெர்மனென்ட் பண்றேன்னு கம்ப்யூட்டர்ல டிஸ்மிஸ் பண்ணிட்டீங்களே."

அப்புறம்தான் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு. வீடு வரும்வரை விடவில்லை.

கெசியாவிடம் நானே சாரி சொன்னேன். "பரவால்ல ஆயா. ஆனா நான் அழுதது அழுததுதான்" என்றாள். நியாயம்.

4 ஆகஸ்ட், திங்கள்

தபரேஸ் பாயிடம் சோபனா விஷயத்தைச் சொன்னாள். என் பேரைச் சொல்லாமல் "கை தவறி மாறிடுச்சு" என்றாள். "நான்தான் மாத்தினேன் பாய்" என்று நான் சொன்னேன்.

"அட, அப்போ வைரஸே இல்ல. எதையும் அழிக்க வேணாம். டேனியல் பேர்ல உள்ள போய்ட்டா அங்கருந்து சிஸ்டரைத் திரும்ப நிர்வாகி ஆக்கிடலாம். கடவுச்சொல் மறந்தவங்களுக்கு மூணு கேள்வி கேக்கும். அவரு அன்னிக்குக் குடுத்த பதிலையே குடுக்கணும்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"வைரஸ் பூந்த வீட்டுக்கு சாவி தேடி இன்னாம்மா பிரயோஜனம்? நீங்க சொன்னதால பொழச்சோம். இல்லன்னா பெரிய பேஜார்."

டேனியலை வீடியோவில் கூப்பிட்டோம். கேள்வியை நான் படித்தேன். முதலில் வளர்த்த பிராணி? பூனை, ஜிம்மி. சின்ன வயசில் செல்லப் பேர்? பப்ளு. இரண்டும் அவனுக்கு உடனே வந்தது. மூன்றாவது — உங்கள் பெற்றோர் சந்தித்துக்கொண்ட நகரம்?

"கலவை" என்று நான் முந்திக்கொண்டேன். பெண் பார்க்க வந்தது கலவையில், என் அப்பா வீட்டில். சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். போட்டாள், தப்பு என்றது. ஆம்பூர். அதுவும் தப்பு.

டேனியல் தலையைச் சொறிந்தான். "அம்மா, கோச்சிக்கமாட்டியே?"

"எதுக்குடா?"

"சோபி, விஷாரம்னு போடு."

திறந்துகொண்டது.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தபரேஸ் பாய் மட்டும் "விஷாரமா? எங்க மாமியார் ஊராச்சே" என்றார். சோபனா மறுபடி நிர்வாகி. ப்ரோக்ராம் ஏறிவிட்டது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

காலையிலிருந்து வரைகிறாள். தட்டைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன், இடது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். விஷாரம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப்பில் வேலைக்கு இருந்தேன். வயசு பத்தொன்பது. தோலுக்கு ஓரம் வெட்டுவேன். டேனியலின் அப்பா அங்கே தோலுக்குச் சாக்பீஸால் நம்பர் போடுவார். ஒரு நாள் என்முன் வந்த தோலில் நம்பருக்குப் பதிலாக 'அண்ணம்' என்று இருந்தது. மூணு சுழி. என் பேர் அன்னம்மாள். கூட இருந்த பெண்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் மானம் தப்பித்தது. நேரே போய் அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, அதை அடித்து 'அன்னம்' என்று எழுதி, "ரெண்டு சுழி" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அப்புறம் ஊருக்காகக் கலவையில் பெண் பார்த்தார்கள். புதிதாகப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். மகனிடம் சொல்லியிருக்கிறார் மனுஷன். போய் ஆறு வருஷம் ஆச்சு, இனிமேல் சண்டை போடவும் வழி இல்லை.

6 ஆகஸ்ட், புதன்

அனுப்பிவிட்டாள். மணி மூன்றரை.

21 ஆகஸ்ட், வியாழன்

சோபனாவை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் பெர்மனென்ட்டாம். நான் வாயே திறக்கவில்லை. சென்னைக் கம்பெனிக்கு அவளே போன் போட்டு, வரலைங்க சார் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் வஞ்சிரம் வாங்கி வந்தாள்.

14 செப்டம்பர், ஞாயிறு

சோபனா மீட்டிங்கில் இருந்தால் மிக்ஸி போடக் கூடாது. அதனால் வார நாளில் சட்னி அரைப்பது ஒன்பது மணிக்குள். இன்று லீவு, நிம்மதியாக அரைத்தேன்.

டேனியல் கூப்பிட்டான். அவள் மாடியில் துணி காயப்போடப் போன சமயம் பார்த்துக் கேட்டேன்.

"விஷாரத்தைப் பத்தி அப்பா உன்கிட்ட இன்னா சொன்னாரு?"

"எல்லாந்தான். சாக்பீஸு, சுழி."

"தப்பா எழுதினதையும் சொன்னாரா?"

டேனியல் சிரித்தான். "தப்பாவா? அவரு எட்டாவது படிச்சவரும்மா. உன் பேரு எழுதத் தெரியாதா அவருக்கு? ஷாப்புல ஒட்டுற நோட்டீஸ்ல எல்லாம் நீ தப்பு கண்டுபுடிப்பியாமே. சரியா எழுதினா பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சிப்ப, தப்பா எழுதினாதான் நேரா வந்து நிப்பன்னு எழுதினாராம்."

சட்னியைத் தாளிக்கவில்லை இன்னும்.

நாற்பத்தோரு வருஷம் அந்த மூணு சுழியைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். கோபம் வந்தால் அதுதான் முதலில் வரும். ஒரு நாளும் அவர் மறுத்ததில்லை. "நீ சொன்னா சரிதான் டீச்சரம்மா" என்று சோற்றைப் பிசைவார்.