மஞ்சள் பலகை வழி

கடலூர் முதுநகர்,
12.10.2011

அன்பு மகன் எழிலனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அம்மா நலம். என் நலம் உனக்கு என்னைவிட முன்பே தெரியும். அதனால் வழக்கமாக எழுதும் வரியில் பாதியை இந்த முறை விட்டுவிட்டேன். உன் நலம் அறிய ஆசை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காது மூடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே இரண்டு நாளாக மழை, நடுவில் கரண்ட் இல்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். உன் தங்கை சுவேதாவுக்கு ஏழாம் மாதம், ஐப்பசியில் ஸ்ரீமுஷ்ணத்தில் வளைகாப்பு வைக்கிறார்கள். மாப்பிள்ளை ராஜ்கமல் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். நீ வர முடியாது என்று நானே சொல்லிவிட்டேன். உன் மாமா ஞானசேகரன் போன வாரம் வந்து நீ அனுப்பிய போட்டோக்களை எல்லாம் பார்த்தான். "என்னா மாமா, எங்க அக்கா மலை மேல நிக்கிது, நீங்க கீழ மாட்டுகூட நிக்கிறீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்காமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் இனி எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அது முடியாது.

ஜூலையில் நீ எங்களை அந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனாயே, அந்த நாளைப் பற்றித்தான். அதன் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. இரண்டு பக்கமும் சுவர் போலப் பாறை. மேலே இருந்து அருவி விழுகிறது, பாதியில் காற்று அதைக் கலைத்துவிடுகிறது, தரைக்கு வந்து சேர்வது வெறும் ஈரம். நான் ஐம்பத்தெட்டு வயதுவரை பார்த்த உயரமெல்லாம் சிதம்பரம் கோபுரமும் எங்கள் கம்பெனி புகைபோக்கியும்தான். நீ ரயிலடியில் நின்று விளக்கினாய். மஞ்சள் பலகை என்றால் யாரும் நடக்கலாம், சமதரை. வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு போட்டிருந்தால் மலைப்பாதை, காலும் மூச்சும் நன்றாக இருக்க வேண்டும். நீலக் கோடு பழகியவர்களுக்கு மட்டும். பிறகு ஆட்களைப் பிரித்தாய். உன் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் நீலம். நீயும் அம்மாவும் ஆபீஸ் பெண்கள் இரண்டு பேரும் சிவப்பு. நானும் உன் நண்பர் மார்ட்டினும் மஞ்சள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. மொட்டைமாடி படியேறினாலே முட்டி வலிக்கிறது என்பவள் அம்மா. அவளுக்கு மலை, எனக்குத் தள்ளுவண்டிக் குழந்தைகள் போகிற ரோடா. "வயசுக்கு மரியாதைப்பா, மார்ட்டினுக்கும் முதுகு வலி, தொணைக்குப் போங்க" என்றாய். சரி, ஒரு மனிதனுக்குத் துணையாகப் போகிறோம் என்று நடந்தேன்.

மார்ட்டின் நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, அவருடைய ஷூ லேஸ் நிற்கவே நிற்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவிழ்ந்துவிடும். சொல்லி வைத்தது போல பெஞ்ச் இருக்கும் இடமாகப் பார்த்து அவிழும். அவர் குனிந்து நிதானமாகக் கட்டுவார், நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. பிளாண்டில் சேஃப்டி ஷூவுக்கு நாங்கள் போடுகிற இரட்டை முடிச்சு இருக்கிறதல்லவா, அதை மண்டியிட்டு அவர் காலிலேயே கட்டிக் காட்டினேன். எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க அவிழாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நன்றி என்றார். அடுத்த பெஞ்சில் அதுவும் அவிழ்ந்தது.

அங்கேதான் மழை பிடித்தது. காலையில் நீ எனக்குக் கொடுத்த உன் மழைக்கோட்டின் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பள்ளத்தாக்கின் படம், மூன்று வழிகளுக்கும் மூன்று நிறத்தில் கோடு. இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்க்கத்தான் பிரித்தேன். பின்பக்கம் நீ மார்ட்டினுக்கு எழுதிய மெயில். நான் படித்தவன், எழிலா. உன் இங்கிலீஷ் எளிமையான இங்கிலீஷ். அப்பாவின் நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, 2008 ரிப்போர்ட்டில் 54 சதவீதம், அவருக்கு இது தெரியாது, அவர் முன்னால் பேச வேண்டாம். கடைசி வரி எனக்கு மனப்பாடம். அவரை அந்த வழியில் வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாத மாதிரி ஒரு வழி வேண்டும். கீழே அவருடைய பதில். கவலைப்படாதே, நான் அடிக்கடி நிற்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் நிமிர்வதற்குள் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன். சாயங்காலம் அம்மா மேலிருந்து இறங்கி வந்தாள், முகமெல்லாம் சிவந்து. மாட்டு மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஏறிவிட்டேன் என்று சின்னப் பெண் போலச் சொன்னாள். அந்த முகத்துக்கு முன்னால் எதையும் கேட்க முடியவில்லை. பிறகு பத்து நாள் உன் வீட்டில் சாப்பிட்டேன், உன்னோடு டிவி பார்த்தேன், ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிக்கொண்டேன். எல்லாம் நடந்தது. உள்ளே ஒரு ஆள் மட்டும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

2008ஐ யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இருமல் நிற்கவில்லை என்று நீ லீவு போட்டு வந்து என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாய். குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். அப்புறம் டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க வெளிய உக்காருங்க ஐயா, தம்பிகிட்ட சொல்றேன்" என்றார். நானும் எழுந்து வெளியே வந்தேன். ஊதியது நான். மூச்சு என்னுடையது. எனக்கு அது அப்போது தோன்றவில்லை பார். நீ அரைமணி கழித்து வந்து, வயசான சளிதான்பா, சிரப் குடுத்திருக்காங்க என்றாய். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தாய், என் இலையில் இரண்டாவது தடவையும் கொத்சு ஊற்றச் சொன்னாய். என் மகன் எவ்வளவு பிரியமாக இருக்கிறான் என்று நினைத்தேன். நான் வேதியியல் படித்தவன். அதே சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தில், மூன்று வருடம். இருபத்தேழு வருடம் உலர்த்தும் செக்‌ஷனில் ரசாயனப் பொடியோடு நின்றவன். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொன்னது நீ.

இதுகூடப் போகட்டும். இனி எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது. அதே வருஷம், அந்த இட்லிக்கு ஒரு மாதம் கழித்து, மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கேட் பக்கம் எடை மேடையில் லாரிக்குச் சீட்டு எழுதுகிற கண்ணாடி அறை காலியாகிறது, சீனியர் நீங்கள், போகிறீர்களா என்றார். பொடி கிடையாது, வாடை கிடையாது, நாற்காலி. நான் வேண்டாம் என்றேன். எனக்குச் சளிதானே சார், எங்கள் செக்‌ஷனில் குடிகாட்டு ஊர்க்காரன் கொளஞ்சிக்குத்தான் இருமல் ஜாஸ்தி, அவனுக்குக் கொடுங்கள் என்றேன். அவனுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். கொடுத்தார்கள். நான் மேலும் மூன்று வருஷம் செக்‌ஷனிலேயே நின்று மே மாதம் ரிட்டையர் ஆனேன். கொளஞ்சி முந்தாநாள் ஒரு பை சீத்தாப்பழம் கொண்டு வந்தான். "நீங்க குடுத்த சேரு சார்" என்றான், எப்போதும் சொல்வதுதான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா. மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை கொடுத்தும் இருப்பேன். அது எனக்கு இனி ஒருநாளும் தெரியப் போவதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியவந்திருக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அது. அதை நீ எடுத்துக்கொண்டாய். நுரையீரலைக்கூட அல்ல, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஊருக்கு வந்த மறுவாரம் அம்மாவிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் வராது. 54 என்ற எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "சுவேதாவ அப்பதான் பொண்ணு பாக்க வந்துகிட்டு இருந்தாங்க, வெளிய தெரிஞ்சா என்னா ஆவும்னு இருந்தோம். அப்பறம் நீங்க நல்லாத்தான இருந்தீங்க" என்றாள். மூன்று வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில். நான் இருமும்போதெல்லாம் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாளே, அதெல்லாம் இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. சுவேதாவுக்கு எதுவும் தெரியாது என்கிறாள். அதையும் நான் நம்ப வேண்டியிருக்கிறது. ஏழு மாதக்காரியிடம் போய்க் கேட்கவா முடியும்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நடுவில் உன் பெரியப்பா நினைவில் வந்துவிட்டார். 2005ல் சடையப்பன் அண்ணனுக்குத் தொண்டையில் புற்று வந்ததே, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னை ஓரமாக நிறுத்தி, பெரியப்பாகிட்ட மூச்சு விடாதடா என்று சொன்னது நான். அவர் உன் கையைப் பிடித்து, "டேய், டாக்டர் என்னாடா சொன்னாரு, நீ படிச்ச புள்ள, பொய் சொல்ல மாட்ட" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். வாய்ப்புண்தான் பெரியப்பா என்றாய். பிள்ளை பொறுப்பாக இருக்கிறான் என்று அன்று பெருமைப்பட்டேன். அவர் அடுத்த வருஷ மல்லாட்டைக்கு விதைக்கடலை எடுத்து வைத்துவிட்டுச் செத்தார். ஆக, இந்த வேலையை நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். அது தெரிகிறது. தெரிந்தும் கோபம் குறையவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதப் பார்த்தேன், வரவில்லை. வராததை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன வியாழக்கிழமை தனியாகச் சிதம்பரம் போனேன். அதே டாக்டர், தலை நரைத்திருக்கிறது. கூட யாரும் வரலையா என்றார். மூச்சு வாங்குவது எனக்குத்தான், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். ஊதச் சொன்னார், இன்னும் இன்னும் என்றார், மூன்று தடவை. பிறகு ஒளிக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டு வெளியே வந்து அதே ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். கொத்சு நன்றாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டு, என்னா சொன்னாரு என்றாள். ஒன்றுமில்லை, பழைய சளிதான் என்று என் வாய் பாதி சொல்லிவிட்டது, எழிலா. எவ்வளவு சுலபமாக வருகிறது. நிறுத்திவிட்டு ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்தேன். எண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்த ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னிடம் இருப்பது 54. இப்போது 43. மருந்தை இழுக்கும் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், காலை மாலை இழுக்கிறேன். சமதரையில் தினம் நடக்கச் சொன்னார். விடியற்காலை நானும் அம்மாவும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறோம், மணலில் இறங்காமல் சிமெண்ட் நடைபாதையில். அம்மா முதல் இரண்டு நாள் நடுநடுவே நின்று முந்தானையைச் சரி செய்தாள். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூச்சு வாங்கினால் நானே நில் என்பேன், அப்போது நின்றால் போதும். இப்போது அப்படித்தான் நடக்கிறோம். ஒரு நடைக்கு ஆறு தடவை சொல்கிறேன்.

அடுத்த கோடைக்கும் வரச் சொல்லியிருக்கிறாய், புது பள்ளத்தாக்கு பார்த்து வைத்திருப்பதாக. வருகிறேனா என்று இப்போது சொல்ல முடியாது. வந்தால் மஞ்சள் பலகை வழியில்தான் நடப்பேன், அது எனக்கே தெரியும், நீ ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. என்னோடு நீயே நட. மார்ட்டினை அவர் வழக்கமாகப் போகிற நீலக் கோட்டுக்கு அனுப்பிவிடு. அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை என்றும் சொல். வழியைத் தேர்ந்தெடுப்பதானால் இந்தப் புது எண்ணை வைத்துத் தேர்ந்தெடு.

வேளைக்குச் சாப்பிடு. உனக்குப் பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பார்க்கலாம், ஆனால் வருகிறவர்களிடம் என் ரிப்போர்ட்டையும் காட்டுவேன், இப்போதே சொல்லிவிட்டேன். நீ நீண்ட நாள் நல்ல மூச்சோடு இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவளிடம் கேட்காதே. என்னிடம் கேள்.

உன் அப்பா,
கதிர்வேல்