அடுத்த வருடப் பாடங்கள் பற்றி அப்பாவுக்கு

பிளானோ,
வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், சான் ஹோஸேயில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதத் தொடங்குகிறேன். போனில் பேசினால் அம்மா பாதியிலேயே வாங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். புது ஆபீஸில் பேசிப் பழக யாராவது கிடைத்தார்களா? இங்கே குளிர் அதிகம், கறிவேப்பிலைத் தொட்டியை கராஜுக்குள் வைத்துவிட்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடப் பாடங்களைப் பள்ளி வெப்சைட்டில் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி பாடங்களைத்தான் எல்லாரும் போட்டி போட்டு எடுக்கிறார்கள். எதிர்வீட்டு மீனாக்ஷி ஆன்ட்டியின் மகன் ஆர்யன் எடுத்ததையே நானும் எடுக்கவேண்டும் என்றாள் அம்மா: கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, எல்லாமே ஏபி. எனக்கு ஏபி லிட்ரேச்சர் வேண்டும் என்றேன். "கதைப் புஸ்தகத்த வீட்லயே படிச்சுக்கலாமே கண்ணு, அதுக்கெதுக்கு ஸ்கூலு?" என்றாள். ஆர்யனிடமே கேட்டேன். "நான் ரூம விட்டு வெளிய வந்தா எங்க நாயே திருடன்னு நெனச்சுக் குரைக்குது" என்றான். ஆன்ட்டி அவனை முறைத்தார்.

போன வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு, வெப்சைட்டுக்கும் அன்றுதான் கடைசி நாள். சரி போகட்டும் என்று அம்மா சொன்னதையே போட்டு சப்மிட் பண்ணப் போனேன், அம்மா கரண்டியோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராகு காலம் கண்ணு! படிப்பு விஷயம், பன்னெண்டு தாண்டட்டும்" என்றாள். தாண்டியதும் எனக்குத் திருநீறு பூசி, "இப்ப அமுத்து" என்றாள். அமுத்தினால், வெப்சைட்டைப் பன்னிரண்டுக்கே மூடிவிட்டார்களாம்!

நாமாக எதுவும் அனுப்பாவிட்டால் ஆசிரியர்கள் சிபாரிசு செய்ததே முடிவாகிவிடுமாம். அப்படி எனக்கு வந்திருப்பது ஏபி கால்குலஸ், சாதாரண பிசிக்ஸ், அப்புறம் ஏபி லிட்ரேச்சர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிச்சீன்னா பாரு" என்று மிரட்டிய அம்மாவே சிரித்துவிட்டாள், பிறகு ராத்திரி வரை கவலைப்பட்டாள். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் ஒரே ஒரு தடவை மாற்றலாம், மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று கவுன்சலர் சொல்கிறார். உங்கப்பா என்ன சொல்றாரோ அதுதான் என்கிறாள் அம்மா.

அப்பா, எனக்கு பிசிக்ஸைக் கண்டு பயமில்லை. ஆனால் இங்கிலீஷ் வகுப்பில் முப்பது பேர் ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு முப்பது விதமாகச் சண்டை போடுகிறோம், அது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. வீட்டில் தனியாகப் படித்தால் நான் யாரோடு சண்டை போடுவேன்? கால்குலஸை விடமாட்டேன், அது சத்தியம். லிட்ரேச்சரை மட்டும் மாற்றச் சொல்லிவிடாதீர்கள்.

ஃப்ரீவேயில் போகும்போது போன் பேச வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள். உங்கள் பதிலையும் ஆசீர்வாதத்தையும் எதிர்பார்த்திருக்கும் மகள்,

வெண்பா

ஏனுங்க, கவர் ஒட்டறதுக்கு முன்னால படிச்சுப் பாத்தனுங்க. எங்கிட்ட இவ இத்தன சொல்லவே இல்ல. ஒண்ணும் மாத்த வேண்டாம், அதையே படிக்கட்டும். ஆனா நீங்க சொன்னதாவே இருக்கட்டும், மீனாக்ஷிகிட்ட அப்படித்தான் சொல்லப் போறேன்.

மரகதம்