மதிலுக்கு அப்பாலுள்ள மையவாடி

இன்று காலை லண்டன் குட்மேய்ஸில் பக்கத்து வீட்டார் புதுவேலி அடிக்கிறார்கள். வெட்டிய பலகையின் மணம் என் சமையலறைவரை வருகிறது. வேலி போடுமுன் அந்த மனிதர் கதவைத் தட்டி, "உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?" என்று கேட்டார். அந்த மரியாதை என்னைக் கொதிக்க வைத்தது. நண்பரே, பலஸ்தீனத்தில் மதில் கட்டுமுன் உங்கள் தந்தையிடம் எவரும் அப்படிக் கேட்கவில்லை.

நீங்கள் வாசிக்க முடியாத மொழியில் இதை எழுதுகிறேன். இருவரும் படிப்பித்த பாடசாலையின் ஆசிரியர் அறையில் நாம் ஆங்கிலத்தில்தான் சண்டை பிடித்தோம். உங்கள் ஊருக்கும் அதன் ஒலிவத் தோட்டங்களுக்கும் நடுவே கொங்கிறீட் மதில் எழுந்த செய்தியை, கணக்குத் தாள்களைத் திருத்தியபடியே சொன்னீர்கள். மரங்கள் அந்தப் பக்கம். நட்டவர்கள் இந்தப் பக்கம். படையினர் வாயிலைத் திறந்தால் அறுவடை. திறக்காவிட்டால் காய்கள் உதிர்ந்து அழுகும்.

"பாதுகாப்புக்கு என்கிறார்கள். எங்கள் வீட்டையும் கிணற்றையும் பிரிப்பதில் யாருக்குப் பாதுகாப்பு?" என்றீர்கள். இன்று என் உறவினர்கள் இலங்கையில், வன்னி முகாமின் முள்வேலிக்குள் இருக்கிறார்கள்; நானும் அதையே கேட்கிறேன்.

உங்கள் குடும்பத்தாரை அடக்கிய மையவாடியும் மதிலுக்கு அப்பால் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னீர்கள்: "என்னை லண்டனிலேயே அடக்குங்கள். ஊருக்கு அனுப்பினால், என்னைப் பார்க்க வர என் தங்கை வாயிலில் துவக்கோடு நிற்கும் படைவீரன் ஒருவனிடம் கெஞ்ச வேண்டும். காரணத்தை அவளிடம் சொல்லாதீர்கள். 'பரவாயில்லை, கெஞ்சுகிறேன்' என்பாள்."

பிறகு கண்ணடித்தீர்கள். "உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். எரித்துவிடுகிறீர்கள். சாம்பலுக்கு ஏது சோதனைச்சாவடி?"

"எங்கள் சாம்பலையும் கிளறிப் பார்ப்பார்கள், ஐயா," என்றேன். நாம் சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்தார்.

நீங்கள் போய், இங்கேயே அடக்கமானபின் உங்கள் தங்கை தொலைபேசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "அண்ணாவுக்கு எங்களோடு உறங்க விருப்பமில்லையா? லண்டன் அவரை மாற்றிவிட்டதா?" மழுப்பினேன். போன மாதம் அவர் அழுதபோது, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கெஞ்சுவதா இல்லையா என்று நானல்லவா முடிவெடுத்திருக்க வேண்டும்? அவர்கள் நிலத்தை எடுத்தார்கள். அண்ணாவின் கபுறுக்குழியை நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்டீர்கள்."

மதில் கட்டியவர்கள்மீது எனக்குள்ள கோபம் தெளிவானது. அதில் ஒரு சொல்லையும் நான் மாற்றப் போவதில்லை. உங்கள் தங்கையின் கோபத்தை மட்டும் எங்கே வைப்பதென்று விளங்கவில்லை. நீங்கள் செய்தது அன்பா, அல்லது அந்த மதிலின் வேலையையே நீங்களும் செய்தீர்களா?

"வெள்ளிக்கிழமைகளில் போய், எனக்காக அவரோடு சண்டை பிடியுங்கள்," என்று கேட்டார் தங்கை. போகிறேன். உங்கள் கபுறின் ஈரமண்ணருகே நின்று தங்கையின் பக்க நியாயத்தைத் தொடங்குவேன். பாதியில் உங்கள் பக்க நியாயம் என் வாயிலேயே வந்துவிடும். இரண்டையும் சுமந்துகொண்டு வீடு திரும்ப ரயிலேறுகிறேன்.