மூன்றில் ஒரு பங்கு மணல்

ஒண்டிக்கடை, ஏற்காடு
17.6.1988, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அமலிக்கு,

1. சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒண்டிக்கடையை அடுத்து வசிப்பவனும், இருபத்தாறு ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்து வருபவனும், உன் தந்தையுமாகிய பெரியநாயகம், எவருடைய வற்புறுத்தலும் இன்றித் தெளிந்த மனநிலையில் எழுதிக்கொள்வது.

2. சேலத்தில் பெரியம்மா வீட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் புதன்கிழமை கிடைத்தது. திங்களன்று சென்னையில் நடக்கும் பொறியியல் கல்லூரி நேர்முகத் தேர்வுக்குப் போகப் போவதில்லை என்றும், தட்டச்சு வகுப்பில் சேர்ந்துகொள்வதாகவும் எழுதியிருக்கிறாய். காரணமாக ஒரே வரி. "எனக்குக் கணக்கு வரும்னு நெனச்சுட்டு இருந்தேனுங்கப்பா, ஜனவரியில அது பொய்னு தெரிஞ்சு போச்சு."

3. மேற்படி வரி உண்மைக்குப் புறம்பானது. அதை அறிந்தவன் நான் ஒருவனே. அதனால்தான் இக்கடிதம்.

ஜனவரியில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நீ செய்த கவண்பொறியை நினைத்துப் பார். அந்தக் காலத்தில் கோட்டைச் சுவர்களின் மேல் கல் எறிந்த பொறியின் சிறு மாதிரி. தலைச்சோலைத் தச்சர் சென்றாயன் நீ வரைந்து கொடுத்த அளவுப்படி சில்வர் ஓக் மரத்தில் பொறிக்கு ஐந்தடி நீளக் கை அறுத்துக் கொடுத்தார். அம்மா காப்பிச் சாக்கில் கவண் தைத்தாள். கையின் குட்டைப் பக்கத்தில் தொங்கும் பெட்டியில் இருபத்து நான்கு கிலோ மணலை நீயே நிறுத்துப் போட்டு, மூடியை ஆணியடித்து மூடினாய். பெட்டி கீழே இறங்க, நீண்ட பக்கம் மேலே எழும்பி, கவணில் உள்ள ஆரஞ்சுப் பழம் அறுபத்திரண்டு அடி தூரம் போகும் என்று உன் நோட்டில் எழுதியிருந்தாய். விருந்தினர் நாற்காலிகள் தொண்ணூறு அடிக்கு அப்பால் என்றும் எனக்கு விளக்கினாய். நான் தலையாட்டினேன். ஆனால் நம்பவில்லை.

என் தொழிலில் நான் காண்பதெல்லாம், நடக்காது என்று ஒருவர் உறுதியாகச் சொல்லி, நடந்துவிட்ட காரியங்களே. ஒரு பழம் தவறிப் போய் யாருடைய கண்ணிலாவது பட்டால், உன் பெயருக்கு நேரே ஒரு விபத்து எழுதப்படுமே என்று அஞ்சினேன். கண்காட்சியன்று காலை நீயும் அம்மாவும் திருப்பலிக்குச் சென்றிருந்தபோது மூடியின் ஆணிகளைப் பிடுங்கி, எட்டுக் கிலோ மணலை வெளியே எடுத்துவிட்டு, அதே துளைகளில் ஆணிகளை அடித்துவிட்டேன். எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தூரத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். நாற்பது அடி போனாலும் கைதட்டுவார்கள் என்பது என் கணிப்பு. தண்டனைக் காலத்தைக் குறைப்பது போல எதையும் பாதி, கால் என்று குறைத்துக்கொள்ளலாம் என எண்ணிவிட்டேன். பொறி அப்படி இயங்குவதில்லை. கவண் பழத்தை விடவேண்டிய நேரத்தில் விடவில்லை. பழம் எட்டடியில் தரையில் அறைந்து நசுங்கியது.

விருந்தினர் ஒருவர், பழத்தைத் தின்றிருந்தாலாவது பயன் உண்டு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்த பிறகு அந்த நோட்டை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தவறைத் தேடினாய். பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் உனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டில் இருந்த பெட்டியாயிற்றே.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாளை, நாளை என்று தள்ளினேன். எடுத்த மணலை வெளியே கொட்டவும் மனம் வரவில்லை. தகர டப்பாவில் இட்டு என் மேசைக்கு அடியில் வைத்தேன். ஐந்து மாதமாக உட்காரும் போதெல்லாம் அது காலில் இடித்துக்கொண்டிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் உன் நோட்டைத் தேடி எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தாள். நேற்று மதியம் சென்றாயனை வரவழைத்து அவரிடமும் சொன்னேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க வக்கீலய்யா, கை சுத்தற அச்சுத் துளைய நாந்தான் கோணலாப் போட்டுப் பாப்பா மானத்த வாங்கிட்டனோன்னு, இந்த அஞ்சு மாசமா உங்க ஊட்டுப் பக்கமே வராம சுத்திப் போயிட்டு இருந்தனுங்க" என்றார். அவர் ஏன் வரவில்லை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, கண்ணு.

டப்பாவிலிருந்த மணலை உன் அம்மாவே தராசில் நிறுத்துப் பெட்டியில் சேர்த்தாள். இது ஆரஞ்சுப் பருவம் அல்லவாகையால், உன் நோட்டில் கண்ட எடைக்கு ஒவ்வொன்றும் சமமாக மூன்று பேரிக்காய்களைப் பொறுக்கினோம். பொறியைப் பின்கட்டில் நிறுத்தி, நில அளவை நாடாவால் மூவரும் அளந்தோம். முதல் காய் ஐம்பத்தொன்பதரை அடி. இரண்டாவது அறுபத்தொன்று. மூன்றாவது வேலியைத் தாண்டி, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணுவின் கோழிக்கொட்டகைத் தகரத்தில் போய் இடித்தது. எறியும் முன் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. என் வாழ்நாளில் இது முதல் தடவை.

ரைட்டர் காயைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வந்து, "வக்கீலய்யா, கோழியெல்லாம் காப்பிச் செடிக்குள்ள ஓடிப் போச்சுங்க. கேஸு போடோணும்னா நான் உங்ககிட்டத்தானுங்களே வரோணும்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவரே நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். கொட்டகை ஓரம் வரை அறுபத்திரண்டு அடி நான்கு அங்குலம்.

நான்கு அங்குலத்துக்குக் காற்றைக் காரணம் சொன்னேன். "இப்பவும் அவ கணக்க நம்ப மாட்டீங்களா?" என்று அம்மா கேட்டாள். பேரிக்காய் ஆரஞ்சைப் போல உருண்டையானது அல்ல என்று திருத்திக்கொண்டேன்.

ஆகவே, உன் கணக்கு சரி, அமலி. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சரி. தவறு என்னுடையது, அதை மறைத்தது அதனினும் பெரிய தவறு. மன்னிப்பாயா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு வரும். எனவே இப்போது கேட்கவில்லை. என்மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள். அதற்காகத் திங்கட்கிழமையை விட்டுவிடாதே. தட்டச்சுதான் உன் விருப்பம் என்றால் அதற்கும் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் உண்மையைத் தெரிந்துகொண்டு நீ எடுத்த முடிவாக அது இருக்கட்டும்.

தபாலை நம்பாமல், இக்கடிதத்தையும் உன் நோட்டையும் சென்றாயனிடம் கொடுத்து முதல் பஸ்ஸில் அனுப்புகிறேன். அவரைச் சாப்பிடாமல் அனுப்பாதே. ஞாயிறு மாலை ஆறு மணி முதல் சேலம் ஜங்ஷனில், சென்னை வண்டி நிற்கும் நடைமேடையில் இருப்பேன். நீ வந்தால் என்னோடு பேச வேண்டும் என்பதில்லை. உன் பெட்டியை மட்டும் என்னிடம் கொடு. சென்னை வரை நான் சுமந்து வருகிறேன். திறக்க மாட்டேன்.

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா,
(ஒப்பம்) அ. பெரியநாயகம்

மேலே கண்ட மூன்று எறிதல்களையும் நேரில் கண்ட சாட்சிகள்:

(ஒப்பம்) மா. சென்றாயன், தச்சர், தலைச்சோலை

(ஒப்பம்) சி. ஐயாக்கண்ணு, எஸ்டேட் ரைட்டர். கோழிகள் அனைத்தும் திரும்பிவிட்டன.

(ஒப்பம்) பெ. தேவகுமாரி, உன் அம்மா. தூரத்துக்கு மட்டும் சாட்சி, அப்பாவுக்கு அல்ல. போயிட்டு வா, சாமி.