அளவு

தம்பிக்கு,

அப்பா சாவுக்குக்கூட வராதவன் நீ. உன்னிடம் நலம் விசாரிக்கப் போவதில்லை. போர் வேண்டுமா என்று நீங்கள் மந்திரிகள் நாளைதான் கூடி ஓட்டெடுத்து முடிவெடுக்கப் போகிறீர்களாம். எங்கள் பட்டறைக்குப் போன மாதமே ராணுவத்திடமிருந்து செயற்கைக் கால்களுக்கு ஆர்டர் வந்துவிட்டது. செய்து முடித்தவை கூடம் முழுக்கத் தொங்குகின்றன.

"யாருக்கு சார் இவ்வளவு?" என்று கேட்டார் ஃபிட்டர்.

"இன்னும் யாருக்கும் கால் போகலைய்யா."

"அப்ப அளவு மட்டும் எப்படி சார் குடுத்தாங்க?"



நேற்று உன் மகன் ராணுவ உடையில் விடைபெற வந்தான். "பெரியப்பா, எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துத் தன் இடது காலோடு சேர்த்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. அவன் மட்டும்தான் சிரித்தான்.

நாளை கை தூக்குவதற்கு முன், அவனை வீட்டுக்குள் ஒருமுறை நடக்கச் சொல்லிப் பார்.

உன் அண்ணன்