பார்த்தவர்: பானுமதி

விருத்தாசலம்,
நவம்பர் 25, செவ்வாய்.

அன்புள்ள பானுவுக்கு,

வாசுகி எழுதுவது. நீயும் அண்ணனும் வெண்பாவும் மோர்பியில் சுகமாக இருக்க வேண்டும். வெண்பா இளைத்துவிட்டாள் என்று சொன்னாய். வகுப்பில் ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தால்தான் எனக்கு வேதனை. பொறுத்துப் பார், பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

இங்கே நாலு நாளாக மழை. மணிமுத்தாற்றில் தண்ணீர் போகிறது. வெள்ளிக்கிழமை உன் வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டு வந்தேன். பின்பக்கம் ஓடு நகர்ந்து ஒழுகுகிறது. எங்கள் வீட்டுக்காரரை ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் ஏணியைத் தேடி எடுப்பதற்குள் தை பிறந்துவிடும், உனக்குத் தெரியாததா.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே, "வுடுடி, பாத்துக்கலாம்" என்பாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவேன். அப்படி விடக்கூடாத காரியம் ஒன்றைச் செய்திருக்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் உண்டு, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

பூட்டிக் கிடந்த நம் பீங்கான் கம்பெனியை ராஜாங்கம் எடுத்தார் அல்லவா. அவர் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அண்ணன் குஜராத் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்க மாட்டார். சூளையைக் கொளுத்துவதற்கு முன் சிம்னிக்குள் கூகை இருக்கிறதா என்று அவராகவே நம் பறவைக் குழுவிடம் கேட்டார். ஆறு வருஷமாக மாதத்தில் ஒரு ஞாயிறு நீயும் நானும் எதிரே உட்கார்ந்து, பொழுது சாய்ந்ததும் அதிலிருந்து வெளியே வரும் கூகைகளை எண்ணுகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குழுவை நடத்தும் சேரன் சார், அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு பார்க்கிறோம், இரண்டிலும் சைபர் வந்தால் கொளுத்துங்கள் என்றார். மழையில் கூகை வெளியே வராது. ஒரு நாள் சைபரை நம்பக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு.

முதல் ஞாயிறு காலேஜ் பெண் காவியாவும் அவள் சிநேகிதியும் போனார்கள். காவியா சைபர் என்று எழுதி, பக்கத்தில் தூறல் என்றும் எழுதியிருந்தாள். இரண்டாவது ஞாயிறு நம் முறை. அன்றைக்குத்தான் உன் ரயில், நீ கிளம்பும் தேதி குழுவில் யாருக்கும் தெரியாது.

ஐந்து இருபதுக்கு வரவேண்டிய ரயில் ஏழுக்கு வந்தது. ஆறு அடித்ததும் நீ, "எண்ணுற நேரம் ஆவுது வாசு, நீ கெளம்பு, நாங்க ஏறிக்கிறோம்" என்றாய். சாரிடம் சொல்லி வேறு ஆளை அனுப்பிவிட்டேன் என்றேன். பொய். யாரிடமும் சொல்லவில்லை. உன்னை அந்த பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு வர என் கால் நகரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சாருடைய ஜெராக்ஸ் கடையில் நோட்டை எடுத்தேன். போன வாரமும் சைபர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தவர்: பானுமதி. எழுதியவர்: வாசுகி. எண்ணிக்கை: சைபர். நீ பார்ப்பாய், நான் எழுதுவேன், ஆறு வருஷப் பழக்கம். கை தானாக எழுதியது. சூளை எரிந்தால் எனக்கும் வேலை கிடைக்கும் என்பது அப்போது மனதில் இருந்ததா என்று தினமும் யோசிக்கிறேன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை கொளுத்தினார்கள். புகை மேலே போகாமல் திரும்பி அடித்தது. நெருப்பை அணைத்துவிட்டு சிம்னியின் அடிக்கதவைத் திறந்தார்கள். வாட்ச்மேன் விருத்தகிரிதான் கையை விட்டு எடுத்தார். மூன்று குஞ்சுகள். கருகவில்லை, புகையிலேயே மூச்சு முட்டிப் போயிருக்கின்றன. இறக்கையில் அப்போதுதான் இறகு விட ஆரம்பித்திருந்தது. பட்டப்பகலில் பெரிய கூகை எதிர்க் கம்பத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. காக்கைகள் கொத்தின. அது போகவில்லை.

ராஜாங்கம் யாரையும் திட்டவில்லை. "இருக்குதுன்னு சொல்லியிருந்தா இன்னும் ஒரு மாசம் பொறுத்திருப்பனேம்மா" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

அந்த ஞாயிறு குழு கூடியது. அவ்வளவு பெரிய குஞ்சுகள் என்றால் இரண்டு ஞாயிறும் உள்ளேதான் இருந்திருக்க வேண்டும், யாரோ சரியாகப் பார்க்கவில்லை என்று பேச்சு வந்தது. பானுமதி கண்ணுக்குத் தப்பாது, வாசுகி கூட இருந்திருக்கிறாள், இது புதுப் பெண் செய்த கோளாறுதான் என்று எல்லோரும் காவியா பக்கம் திரும்பினார்கள். அவள் ஒரு மணி நேரம் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன் என்று அழுதாள். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நேற்று பஸ் ஸ்டாண்டில் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்கு நின்றிருந்தவள் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "அக்கா, நான் சரியாத்தான் பாத்தேன், நீங்களாவது நம்புறீங்களா" என்று கேட்டாள். நம்புகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நானெல்லாம் ஒரு மனுஷியா பானு?

வருகிற ஞாயிறு எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். சொன்னால் நாம் ஆறு வருஷம் எழுதிய எதையும் இனி நம்பமாட்டார்கள். அதில் பாதி உன் கண். எத்தனையோ சாயங்காலம் வெண்பாவை மடியில் போட்டுக்கொண்டு நீ எண்ணியது. அதையும் சேர்த்துத்தான் கெடுத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்றாலும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் உனக்குத் தெரியாமல் சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். "அன்று சாயங்காலம் பானுமதியாகிய நான் ஸ்டேஷனில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை" என்று உன் கையால் ஒரு வரி எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. காவியாவிடம் நான் சொல்வது போதாது, அந்தப் பிள்ளைக்கு அது கையில் இருக்கட்டும். போனில் என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தலைக்கு ஈரத்தோடு வெண்பாவை வெளியே விடாதே, அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பழமலைநாதரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

நோட்டில் உன் பேரை நானே அடித்துவிடுகிறேன். அடித்த பிறகு அந்த இடத்தில் யார் பேரை எழுதுவது என்று தெரியவில்லை பானு.

உன்,
வாசுகி