ஜீரா சாப்பிட மறுக்கிறது

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் ஜீரா எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடைந்த தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது.

ஜகதீசன் என்றே எழுதப் போகிறேன். ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. கட்டிய கணவனாக இருந்தால் என்ன? அன்று ஜகதீசன் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது, “நில்லுங்க, பூனை அடியில இருக்கு!” என்று கத்தினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

இப்போது சொல்கிறார்: “பூனைக்குப் போய் இவ்ளோ சீனா?”

பிப்ரவரி 4, செவ்வாய்

சிரிஞ்சில் பால் புகட்டினேன் என்றதும் கால்நடை டாக்டர் அப்துல் ரஹீம் பதறிவிட்டார். “நக்கோ மேடம், ஜபர்தஸ்தி நக்கோ கரோ.” கட்டாயப்படுத்தினால் சாப்பாட்டையே வெறுத்துவிடுமாம். பட்டினி நீண்டால் ஈரல் கெட்டு, பிழைக்காதாம். மூக்கை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்; வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. வெதுவெதுப்பாக, தட்டையான தட்டில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

கொரமீனு — நம்ம ஊர் விரால்தான் — வாங்கி, வேகவைத்து, முள் எடுத்து, மிக்ஸியில் கூழாக அடித்தேன். துளி எடுத்து அதன் முன்னங்காலில் தடவினேன். வெகுநேரம் பார்த்தது. பிறகு நாக்கை நீட்டி — ஒரே ஒரு நக்கு.

அப்போதுதானா ஜகதீசன் வரவேண்டும்? டிவியில் நான்கு பேர் கத்துகிற விவாதம், அதற்கு மேல் அந்தக் குரல். “மனுஷனுக்கு டிபன் இல்ல, பூனைக்கு மீன் சூப்பா?” மேசையில் தட்டை ஓங்கி ஒரு அடி.

ஜீரா மறுபடி கட்டிலுக்கு அடியில். கூழ்த் தட்டை எவ்வளவு நகர்த்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாவி. நாசமாப் போற பாவி.

பிப்ரவரி 6, வியாழன்

ஜீரா சாப்பாட்டைத் தொடவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

மாதாப்பூரிலிருந்து ஹர்ஷிதா போன். “அம்மா, டாடி சங்கதி தெலுசு கதா. கொஞ்சம் அட்ஜஸ்ட் சேஸ்கோ.” பெற்ற மகளுக்கும் அதே பாட்டு: அப்பா குணம்தான் தெரியுமே, அனுசரித்துப் போ. பாதியில் வைத்துவிட்டேன்.

ஜீரா நாளைக்கும் சாப்பிடாவிட்டால் ஊட்டுவதற்குக் குழாய் போட வேண்டும் என்கிறார் டாக்டர். வீட்டில் சத்தம் அதிகமா என்று கேட்டார். இல்லை என்றேன். எதற்காகப் பொய் சொன்னேன்? யாருடைய மானத்தைக் காப்பாற்ற?

கிளினிக் வாசலிலிருந்தே ஹம்சாவைக் கூப்பிட்டேன். ஆபீஸில் என் பக்கத்து சீட். “மாடி ரூம் சும்மாத்தானே கெடக்கு ஜலஜாக்கா, வாங்க” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனேன். கிளம்பும்போது ஒரு கையில் பை, ஒரு கையில் பூனைக் கூடை. ஜகதீசன் வாசலை மறித்து நின்றார்.

“ராத்திரிக்கு நான் என்னத்தத் திங்கிறது?”

“மோந்து பாருங்க. எது பிடிக்குதோ அதத் தின்னுங்க.”

பிப்ரவரி 8, சனி

பேகம்பேட். ஹம்சா வீட்டு மாடி அறை. ஹம்சா மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் கீழே போனாள். கொரமீனு கூழைத் தட்டில் வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

நக்கும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, பிறகு விடாமல். திரும்பிப் பார்க்கப் பயம். தட்டு தரையில் உரசும் ஓசை வந்த பிறகே திரும்பினேன். காலி.

அந்த வீட்டில் இந்தச் சத்தம் என் காதில் விழுந்திருக்காது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜகதீசன் வந்தார். உட்காரவில்லை. “தேறிடுச்சுல்ல? கெளம்பு.”

குரல் கேட்டதும் ஜீரா அலமாரிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

“அன்னிக்கு நீ கத்துனது கேக்கல” என்றார். நான் கேட்காமலே.

“கண்ணாடியில என்னைப் பாத்தீங்க.”

அலமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டே, “பூனைதானே” என்றார்.

“இறங்கிப் போங்க” என்றேன். இத்தனை வருடத்தில் ஜகதீசனை நான் போகச் சொன்னது இதுதான் முதல் தடவை. படியில் திட்டிக்கொண்டே போனார். திட்டட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

கம்பியை எடுத்தாயிற்று. தாடை லேசாகக் கோணல்தான். இனி எது வேண்டுமானாலும் தின்னலாமாம்.

கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர், எங்கே போகணும் என்று கேட்டார். பேகம்பேட் என்றேன். யோசிக்கவே இல்லை.

வழியில் பாத்திரக் கடையில் நிறுத்தச் சொல்லி ஓர் அடுப்பு வாங்கினேன். ஒற்றை பர்னர். போதும்.